பழைய எந்திரமும் கற்பிக்கும் கையும்

பழைய எந்திரம் ஒன்றின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின் எஞ்சி நிற்பது அதே எந்திரம்தானா என்னும் வினா, தொழில்நுட்பம் சார்ந்ததாகத் தோன்றினாலும், இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் வினாவே ஆகும். பாலி மொழியில் அமைந்த மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று மிலிந்த அரசனை நாகசேனர் வினவி, உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகிறார். நியாய வைசேடிகர் இதனை மறுத்து, அவயவங்கள் எனப்படும் உறுப்புகளின் வேறாக, அவற்றில் தங்கி நிற்கும் அவயவி என்னும் முழுமைப் பொருள் உண்மையாகவே உண்டென்பர். ஆயினும் உறுப்பு மாறினால் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றும் என்பதும் அவர்கள் கொள்கையாதலின், இரு தரப்பின்படியும் புதுப்பித்த எந்திரத்தைப் பழைய எந்திரமே என்று சாதிப்பது எளிதன்று.

சென்னையிலேயே இவ்வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்டு, 1909இல் பணி ஓய்வு பெற்று, நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற ஈ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி எஞ்சின், 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனையில் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. காணாமற்போன பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்ட பின்னும் மக்கள் அதனை 1855ஆம் ஆண்டின் எஞ்சின் என்றே அழைப்பது எவ்வகையில் பொருந்தும் என்பதை ஆராய வேண்டும்.

இவ்வினாவுக்கு ஆகம மரபில் ஒரு வழி காணப்படுகிறது. சீர்ணோத்தாரணம், அதாவது பழுதுற்ற கோயிலைப் புதுக்கும் திருப்பணி, தொடங்கும்போது, மூர்த்தியின் ஆற்றல் கும்பத்தில் எழுந்தருளச் செய்யப்பட்டு, பாலாலயம் என்னும் தற்காலிக இருப்பிடத்தில் வழிபடப்பட்டு, பணி முடிந்ததும் குடமுழுக்கின்போது மீண்டும் மூலத்தில் சேர்க்கப்படுகிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் 2016 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தபோது, அதே கோயில்தானா என்னும் ஐயம் அடியார் எவருக்கும் எழாமைக்குக் காரணம், இடைக்காலத்திலும் அறுபடாத இத்தொடர்ச்சியே எனலாம்.

எந்திரத்தில் அத்தகைய தெய்வ ஆற்றல் இல்லையே என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும் எஞ்சின் முழுவதும் கழற்றப்பட்டு, போல்ட்டும் பிஸ்டனும் தட்டுகளில் பிரிந்து கிடக்கும் நாளில், அந்த எந்திரம் முழுமையாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதனை மீண்டும் கூட்டத் தெரிந்தவரின் அறிவும் கையுமே அவ்விடம். அவர் எவருக்கும் கற்பிக்காமல் மறைந்தால் தட்டுகளில் எஞ்சுவது இரும்பு மட்டுமே. ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பட்டும் பழைய ஆலயமாகவே போற்றப்படுவதற்கு, ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குப் பணியிடத்திலேயே தொழிலைக் கையளிப்பதும் ஒரு காரணமாகும்.

சென்னையின் ஆழ்வார்பேட்டை, கோயில் மரபுக்கும் எந்திர மரபுக்கும் இடையில் அமைந்த பகுதி. கிழக்கே மயிலாப்பூர்க் கோயில். வடக்கே, 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் இயங்கும் அண்ணா சாலை. அந்நிறுவனத்தில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். இன்று மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் அமைப்புகள் பழைய வாகனங்களைப் பேணிக் காட்சிப்படுத்தி வருகின்றன. இத்தகைய அமைப்புகள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைச் சைவ சித்தாந்தத்தின் அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகள், தெளிவாக்குகின்றன. அவை காட்சி, கருதல், உரை என மூன்று. பழுதுபார்ப்புக் கையேடு உரை. புகையின் நிறத்திலிருந்து எஞ்சினின் நோயை ஊகிப்பது கருதல். இரண்டையும் உறுதிப்படுத்துவது, ஐம்பொறிகளால் நேரே பெறும் காட்சி.

வால்வு லேப்பிங் என்னும் ஒரு வேலையில் இதனைக் காணலாம். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் உறிஞ்சி பொருத்திய கோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னுமாக உருட்டும்போது, முதலில் எழும் நறநறவென்னும் ஓசை மெல்ல மெல்ல அடங்குகிறது. அவ்வப்போது வால்வைத் தூக்கிச் சற்றுத் திருப்பி வைத்துத் தொடர, முறிவில்லாத சாம்பல் நிற வளையம் ஒன்று படிகிறது. ஓசை எப்போது போதிய அளவு அடங்கியது, அழுத்தம் எப்போது மிகுந்தது என்பதை எழுத்தில் முழுமையாகச் சொல்ல இயலாது. கற்பவரின் கைமேல் கற்பிப்பவர் தம் கையை வைத்தே உணர்த்த வேண்டும்.

எனவே, பழைய எந்திரத்தின் ஒருமை அதன் இரும்பில் மட்டுமன்றி, அதனை அறிந்த கைகளின் தொடர்ச்சியிலும் நிலைபெறுகிறது என்பதும், கற்பித்தலே புதுப்பித்தலின் உயிர்ப்பகுதி என்பதும் முடிபாகும். ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனமும் குங்குமமும் இடும் ஒவ்வோர் அமைப்பும், கல்வி தொடங்குதற்குரிய மறுநாளாகிய விஜயதசமியன்று அதே ஸ்பேனரை இளையவர் ஒருவர் கையில் கொடுத்து வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும்.