கூலியும் தானமும்

நாள் முழுதும் உழைத்துக் கூலி பெற்றவன், அக்கூலி போதாமையால் அரிசிக்குப் பொதுப்பணத்தை எதிர்பார்த்து நிற்கிறான். ஊரார் செலுத்திய வரியால் அவன் பசி ஆறுகிறது. இங்கே தானம் பெற்றவன் யார்? உழைப்பாளியே என்று உலகம் சொல்லும். ஆலைச் சங்குக்கு எழுந்து பல்லாண்டு உழைத்த நாம் அவ்வாறு கருதவில்லை. முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு அரைவயிற்றுக்குக் கூலி கொடுத்தவனே அத்தானத்தைப் பெற்றவன்.

இவ்வழக்கம் புதிதன்று. 1795ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொட்டி விலை ஏறியபோது, பெர்க்‌ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்தில் கூடினர். கூலியைச் சட்டப்படி நிர்ணயிக்காமல், கூலிக்கும் ரொட்டி விலைக்கும் இடையிலிருந்த குறையை ஏழைவரியிலிருந்து நிரப்பினர். ஒரு கூலியாளையும் வைத்திராத சிறுகுடியானவனும் அவ்வரியைச் செலுத்தினான். பண்ணையாருக்கோ கூலியை உயர்த்தவேண்டிய நெருக்கடி குறைந்தது. பின்னர், உதவி வேண்டும் உடல்வலிமையுள்ள ஏழை, ஏழைவிடுதிக்குள் அடைபடவேண்டும் என்னும் நோக்குடன் 1834இல் புதிய சட்டம் வந்தது. குற்றம் கூலியினுடையது, தண்டனையோ கூலியாளுக்கு!

ஆகவே, 'உதவியை நிறுத்துக' என்போர் கூற்று ஏற்கத்தக்கதன்று. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அரிசி பெறுவோருள் உழைத்து ஓய்ந்தோர் பலர். அவ்வரிசி அவர்தம் உரிமை. ஆயினும் அதைக் காட்டிக் கூலியைக் குறைப்பது அநீதி.

பகவான் புத்தர் சிகாலனுக்கு உரைத்த இல்லற ஒழுக்கத்தில், பணியாளர்பால் தலைவன் ஆற்றவேண்டியவை ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், நல்லுணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல். இவை கடமைகள், தானங்கள் அல்ல.

பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் கொணர்ந்த குறைந்தபட்சக் கூலி மசோதா 1948இல் சட்டமாயிற்று. அக்கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு விலக்கும் கட்டாய உழைப்பே என 1982இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்பர்களே, முதலாளியை மட்டும் பழித்தல் எளிது. நாமும் வீடு கூட்டவும் விகாரைச் சுவர் எழுப்பவும் ஆள் அமர்த்துகிறோம். பேரம் பேசிக் குறைத்த கூலியால் எழுந்த சுவருக்குள் நாம் படைக்கும் மலரால் யாது பயன்? முதலில் கடனைத் தீர்ப்போம். பின்னர்த் தானம் செய்வோம்.