நனைந்தவர்கள் போட்ட சோறு

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் போகிற பாதையில், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வண்டியில் சுமார் 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மிச்சப் பேரை ஏற்றிப் போவதற்குள் சாலையும் அறுந்துவிட்டது. ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும் முன்பே அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள். வீட்டிலிருந்த அரிசி பருப்பைச் சேர்த்து, கோயிலில் வைத்துச் சமைத்தார்கள்.

அந்தச் செய்தி எங்கும் பேசப்பட்டது. மனிதாபிமானம் என்று எழுதினார்கள், பாராட்டினார்கள். பாராட்டு தகும். ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சோறு போட்டவர்களும் அதே மழையில்தான் கிடந்தார்கள். அடுத்த வேளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையில் பானையைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். நிவாரணம் என்று நாம் பேசும்போது கொடுக்கிறவரை ஒரு பக்கமும் வாங்குகிறவரை இன்னொரு பக்கமும் நிறுத்திவிடுகிறோம். வெள்ளத்தின் முதல் இரண்டு நாளில் அந்த இருவரும் ஒரே ஆள்.

அன்றைய மழையின் அளவு இன்றும் நம்ப முடியாதது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். மேலே மலையிலும் அதே கொட்டல். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீரும் காட்டாற்றுத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணியில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. மறுகால் பாய்ந்து தணிய வேண்டிய குளங்கள் கரை உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் புறநகரைச் சூழ்ந்தது. ஏரல் தனித்தீவு ஆனது. கடைத்தெருவில் இருந்த சரக்கெல்லாம் சேறு. மின்சாரம் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யவில்லை. உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் வேலை செய்தது ஊர்தான். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்த மாடி தாங்கும், எந்தக் கிணற்று மேடு தண்ணீருக்கடியில் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடையாது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். படகு அவர்களுக்குப் பிழைப்பு. அதைக் கம்பி வேலியும் கருவேல முள்ளும் மறைந்து கிடக்கிற தெருத்தண்ணீரில் இறக்குவது லேசான காரியம் அல்ல. 2018 கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் இப்படித்தான் வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள். இரண்டு இடத்திலும் கூப்பிட்டு வந்தவர்களைவிடக் கேள்விப்பட்டுத் தாமாகப் புறப்பட்டவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வெளி உதவி மூன்றாம் நாளுக்குப் பிறகு பெருகும். லாரி எங்கே திரும்ப முடிகிறதோ அதுவரை வரும். நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு நான்கு முறை உணவுப் பொட்டலம் கிடைக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்கு ஒன்றும் போயிருக்காது. அந்தக் குடியிருப்பு பெரும்பாலும் யாருடையது என்பது நம் ஊர் அமைப்பு தெரிந்த எவருக்கும் தெரியும். மேட்டு நிலம் யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பது மழை வருவதற்கு வெகுகாலம் முன்பே முடிவானது. அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பலாம். பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து குவியும் இடத்தில் பெண்களுக்கு நாப்கின் இருக்காது, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இருக்காது, படுக்க ஒரு பாய் இருக்காது. அடுப்பு போனவர் கையில் பத்து கிலோ அரிசியைக் கொடுத்தால் அவர் எதில் பொங்குவார்?

பிறகு கணக்கெடுப்பு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000, பயிருக்கு ஹெக்டேர் அளவில் ஒரு தொகை. முன்பிருந்ததைவிட உயர்த்திக் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் வைத்தவர்களில் எத்தனையோ பேர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர்கள். பட்டா ஒருவர் பெயரில், கடன் வாங்கிக் கன்று ஊன்றியவர் வேறொருவர். உப்பளத்தில் கரைந்த உப்புக்கு முதலாளி கணக்குச் சொல்லலாம். பாத்தியில் மறுபடி வேலை தொடங்கும் வரை கூலி இல்லாமல் நிற்கிற பெண்ணுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது? மழைக்கால உதவியாக உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தருகிறது அரசு. அது வழக்கமான மழைக்கானது. இது அந்த மழை இல்லை.

கோயிலில் பொங்கிய அரிசியும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள்; விருந்தாளிக்குப் போட்ட சோற்றுக்குப் பில் எழுதுகிற வழக்கம் அங்கே கிடையாது. அவர்கள் கேட்காததை வைத்து நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன்பே ஒவ்வொரு ஊரிலும் சில ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும். சாலை அறுந்தால் ரேஷன் கடை அரிசியை எடுத்துப் பொதுவில் சமைக்க உள்ளூரிலேயே ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் வேண்டும். பள்ளிக்கூடச் சாவி தலைமை ஆசிரியரோடு டவுனுக்குப் போய்விடாமல் ஊரில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். படகோடு வருகிறவருக்கு டீசலும், படகு உடைந்தால் அதற்கு ஈடும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும். சமைக்கப் போகிற பெண்களிடம் எத்தனை அண்டா, எத்தனை சிலிண்டர் தேவைப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கிராம சபைக் கூட்டம் போதும்.