ஆறு கொன்றதா?

திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. "விடுங்க, மேல இருக்கிறவன் பாத்துக்கிடுவான்." அதிகாரத்தில் இருப்பவர் ஊர்ச்சொத்தைச் சுருட்டினாலும் இதுதான், ஆற்று மணலை அள்ளி விற்றாலும் இதுதான். ஆறுதலுக்குச் சொல்கிறோமா, நழுவிக்கொள்ளச் சொல்கிறோமா?

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியை உயர்த்து, சிறையில் இருப்பவர்களை விடுதலை செய் என்று கேட்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. செத்தவர்கள் 17 பேர். அதில் பெண்களும் உண்டு, ஒரு குழந்தையும் உண்டு.

விசாரிக்க நீதிபதி மோகன் கமிஷன் வந்தது. பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. ஆக, கொன்றது ஆறு! அவர்களை ஆற்றுக்குள் இறங்க வைத்தது எது என்று கேட்டால், கோப்பில் அதற்குப் பதில் இல்லை.

கொக்கிரகுளத்துக்குப் பக்கத்திலேயே பாளையங்கோட்டை. தலைமுறை தலைமுறையாக பைபிள் படிக்கிற ஊர். அங்கே ஞாயிறுபள்ளிக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், தாவீது ராஜா கதையைச் சொல்வார்கள். உரியா என்கிற சிப்பாயின் மனைவி மேல் ராஜாவுக்கு ஆசை. உரியா வேற்று இனத்தான், கேட்க நாதியில்லை. சண்டை உக்கிரமாக நடக்கும் இடத்தில் அவனை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பின்வாங்கச் சொல்லித் தளபதிக்குக் கடிதம் எழுதுகிறான் தாவீது. அந்தக் கடிதத்தை உரியா கையிலேயே கொடுத்தனுப்புகிறான்! உரியா சாகிறான். சேதி வந்ததும், யுத்தம்னா இதெல்லாம் சகஜம் என்கிற தோரணையில் பதில் போகிறது. ரெக்கார்டு சுத்தம். கொன்றது எதிரி. ராஜா அப்போது ஊரிலேயே இல்லையா என்றால், அரண்மனையில்தான் இருந்தான், போர்க்களத்தில்தான் இல்லை.

அப்புறம் நாத்தான் என்கிற தீர்க்கதரிசி வருகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிச் சமைத்த கதையைச் சொல்கிறார். ராஜாவுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த ஆள் நீதான் என்கிறார் நாத்தான். எதிரியின் வாளை அவர் விசாரிக்கவில்லை. உத்தரவு யாருடையதோ, கொலையும் அவனுடையது. அவ்வளவுதான்.

சரி, தண்டனை? தாவீதுக்குப் பிறந்த குழந்தை சாகிறது. ராஜா பிழைத்துக்கொள்கிறான். தப்பு செய்தவன் இருக்க, பச்சைப்பிள்ளை என்ன செய்தது? எனக்கு இதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. கொக்கிரகுளத்தில் செத்த குழந்தையை நினைத்தால் இன்னும் கிடைக்கவில்லை. கடவுளின் நீதி கறாரான தராசு என்று யாராவது சொன்னால், இந்த இடத்தில் நான் கையைத் தூக்கிவிடுவேன்.

ஆனால் அந்தக் கதையில் இரண்டு விஷயங்களை விட முடியவில்லை. ராஜாவிடம் வாள் இருக்கிறது, நாத்தானிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் போய்ச் சொல்கிறார். ராஜா மறுக்கவில்லை, கமிஷன் போடவில்லை, பாவம் செய்தேன் என்கிறான். அவனைக் கொண்டாடிய ஜனங்களும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடாமல் வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரைக்கு வந்து பூத்தூவிப் போகிறார்கள். கமிஷன் மூடிய கணக்கை அவர்கள் மூடவில்லை. மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்பது சரியாகவே இருக்கட்டும். பைபிள் கணக்குப்படி, பார்த்ததும் அவன் முதலில் செய்கிற காரியம், கீழே ஒருத்தனை எழுப்பி அரண்மனைக்கு அனுப்புவது.

எழுந்திரிக்கத்தான் ஆள் வேண்டும்.