ஊர் பார்க்கக் கேட்கலாமா?

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் துபாய் விளையாட்டரங்கில் சென்னை அணியின் ஆட்டம் முடிந்ததும், பந்துவீச்சாளர் தீபக் சாஹர் பார்வையாளர் மாடத்திற்குச் சென்று, தம் தோழியின் முன் மண்டியிட்டு மோதிரம் நீட்டினார். அப்பெண் இசைந்தார், மறு ஆண்டு திருமணமும் நடந்தது. அம்மகிழ்ச்சியில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது: ஆயிரம் கண்கள் பார்த்திருக்க, 'இல்லை' என்று சொல்ல நினைக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்ல வழியுண்டா?

இதை மேனாட்டுப் புதுமை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சங்கத் தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் தெருவில் ஊரறிய வருவான். ஊர் தூற்றும், பழிக்கு அஞ்சிச் சுற்றத்தார் மணத்துக்கு உடன்படுவர். மடலேறுவேன் என்று சொல்வதற்குக் களவொழுக்கத்தில் இடம் தரும் தொல்காப்பியம், ஏறிவிட்ட மடலையோ பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில் சேர்க்கிறது. குமராட்சியை அடுத்த காட்டுமன்னார்கோவிலில் தோன்றிய நாதமுனிகள் தொகுத்ததாகப் போற்றப்படும் திவ்வியப் பிரபந்தத்திலும் திருமங்கையாழ்வாரின் இரு மடல்கள் உண்டு. ஆனால் அங்கே நெருக்கப்படுபவர் இறைவன். ஊர்ப்பேச்சு அவரை என்ன செய்துவிடும்? மனிதப் பிறவிக்கு அந்த வலிமை இல்லை.

'திருமணம் ஊரறிய நடப்பதுதானே? கோவிலிலும் எல்லோர் முன்னும்தானே சம்மதம் கேட்கிறீர்கள்?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் பீடத்தின் முன் கேட்பதற்கு முன்பே, பங்குத்தந்தை மணமக்கள் இருவரையும் தனித்தனியே விசாரிக்கிறார். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கமும், 1563-இல் திரிதெந்தின் சங்கமும் திருமண ஓலையை அறிவிக்கப் பணித்தது, தடை ஏதுமிருப்பின் அறிந்தவர் சொல்லட்டும் என்பதற்காக. அங்கே ஊர் கூடுவது தவறான மணத்தைத் தடுக்க. மடலேறும் தெருவில் ஊர் கூடுவது மறுப்பைத் தடுக்க. கூட்டம் ஒன்றே, பணி வேறு.

மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1057). வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்றும் அது உரைக்கிறது (எண் 1103). கூச்சம் பேரச்சமாகிவிடாது என்பது உண்மையே. ஆனால் சட்டத்தின் முன் செல்லுபடியாவது வேறு, அன்பின் முன் நேர்மையாவது வேறு.

இளைஞரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. பெண் பார்க்கும் நாளில், கூடம் நிறைய உறவினர் அமர்ந்திருக்க, 'என்னம்மா, சம்மதம்தானே?' என்று கேட்கிறோமே, அதுவும் ஒரு மடல்தான். அவள் தலைகுனிகிறாள், நாம் அதைச் சம்மதமாக எழுதிக்கொள்கிறோம். ஆண்டுகள் சிலவற்றுக்கு முன், இரண்டாம் ஓலை வாசித்த பின் ஒரு பெண் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தாள். நாம் அவளிடம் கேட்டது, 'ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே, இனி எப்படியம்மா?' என்பதே. தடையைச் சொல்ல வைப்பதற்கென்று ஏற்பட்ட ஓலையைக்கொண்டே அவள் வாயை அடைத்தோம். மறுமொழி கூறாது திரும்பிப் போனாள்; மணமும் நடந்தது. அவள் இன்று நலமாயிருக்கிறாள் என்று கேள்விப்படுகிறோம். அதனால் நம் தவறு சரியாகிவிடாது.

தொடக்கநூலில் (24-ஆம் அதிகாரம்) ரெபேக்காவின் வீட்டார் நகைகளையும் பரிசுகளையும் பெற்றுக்கொண்ட பின்னரும், பெண்ணையே அழைத்துக் கேட்போம் என்றனர். அவளும் தன் வாயால் விடை தந்தாள். பரிசுகள் வந்த பிறகும் கேள்வி கேள்வியாகவே இருந்தது.

எனவே, இளைஞரே, முதலில் தனியே கேளுங்கள். மறுக்கவும் காலம் கேட்கவும் இடம் கொடுங்கள். இசைவு கிடைத்தபின் ஊரைக் கூட்டிக் கொண்டாடுங்கள்; நாமும் வந்து வாழ்த்துவோம். பெற்றோரே, கூடத்தில் கேட்குமுன் அடுப்படியில் கேளுங்கள். 'இல்லை' என்று சொல்ல முடிந்தவள் சொல்லும் 'ஆம்' ஒன்றே, ஆயுள் முழுவதும் நிலைப்பதற்கு உரிய சொல்.