கைநாட்டும் கையெழுத்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்லாஹுத் தஆலா நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். சூரத்துல் பகராவில் உள்ள அந்த ஆயத்துத்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்டது என்று ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடைக்காரர்களாகிய நாம் அரைக் கிலோ சீனியைக் கடனாகக் கொடுத்தாலும் பற்று எழுதாமல் விடுவதில்லை. ஆனால் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணம் எந்தக் கையில் போய்ச் சேருகிறது? அந்தக் கைக்கு எழுதத் தெரியுமா? நம்மில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்தோம்?

ஊரார் கதை எதற்கு? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

எங்களூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். அத்தா மலேசியாவில் கடை வைத்திருந்தார்கள். அம்மா குர்ஆனை அழகாக ஓதுவார்கள். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அத்தாவின் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படிப்பவர் ஒருவர், கேட்பவர் நாலு பேர். பதில் எழுதுவதும் அவரே. ஆகவே அத்தா, "சுகம், உங்கள் சுகத்திற்கு எழுதவும்" என்பதற்கு மேல் எதுவும் எழுத மாட்டார்கள்.

ஒரு சமயம் கைமாற்று வாங்கிய இரண்டாயிரம் ரூபாய்க்கு அம்மா ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். பின்னர் விரித்துப் பார்த்தால் ஐயாயிரம் என்று இருந்தது. கொடுத்தவர் மௌத்தாகிவிட்டார்; பேரைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் நிலம் ஒரு துண்டு அதில் போயிற்று.

1991ஆம் ஆண்டு எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குத் துணை நின்றார். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊரூராகப் பாடம் சொன்னார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் இறங்கும் பெண்களும் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். பலர் சைக்கிளும் பழகினார்கள். எங்கள் தெருத் திண்ணையில் இஷாவுக்குப் பின் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் கூடினார்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

"பெண்ணுக்கு எழுதத் தெரிந்தால் குடும்பம் கெடும்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஜும்ஆவில் பதில் சொன்னார்கள். ஷிஃபா பின்து அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்ததை ஹதீதிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். எழுதி ஒன்றுசேர்த்த குர்ஆன் பிரதி பின்னாளில் அந்த அன்னையின் பொறுப்பில்தான் இருந்தது என்பதையும் நினைவூட்டினார்கள். அதன்பின் முணுமுணுப்பு அடங்கியது.

ஆறு மாதம் கழித்து அம்மா தம் கையாலேயே அத்தாவுக்கு எழுதினார்கள். வரிக்கு வரி பிழை. செய்தி இவ்வளவுதான்: "இனி நீங்கள் எழுதுவதை நான் ஒருத்திதான் படிப்பேன். உண்மையை எழுதுங்கள்."

நாலு பக்கத்தில் பதில் வந்தது. சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண், கடையிலோ கடன். நாலு பேர் காதில் விழுமே என்று இரண்டு வருடமாக மறைத்திருந்தார்கள். "கடை போகட்டும், கால் முக்கியம், உடனே வாருங்கள்" என்று அம்மா எழுதினார்கள். அத்தா வந்தார்கள், வைத்தியம் நடந்தது, அல்லாஹ்வின் கிருபையால் கால் தப்பியது. அதன்பின் வீட்டுக் கணக்கு அம்மாவிடம். என் தங்கைமார் இருவரும் பத்தாவது வரை படித்தது அம்மாவின் பிடிவாதத்தால்தான்.

அதே 1991இல், ஏப்ரல் 18ஆம் தேதி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அதை மேடையேறி அறிவித்தவர் மந்திரி அல்லர். மலப்புறம் மாவட்டத்து செலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண்மணி. வயது வந்தபின் எழுத்துப் படித்தவர் அவர்.

"இப்போது கடிதம் ஏது? கைப்பேசியில் பேசிக்கொள்கிறோமே" என்பீர்கள். பேச்சு காதுக்கு வரும். பேங்க் செய்தி எழுத்தில்தானே வருகிறது? படிக்கத் தெரியாதவர் அதையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டில்தான் காட்டுகிறார். கைநாட்டு ஒழிந்தது, அதன் ஆபத்து ஒழியவில்லை.

ஆகவே சகோதரர்களே, அடுத்த முறை ஊர் போகும்போது அத்தர், சேலையோடு இதையும் கொண்டு போங்கள். உங்கள் முஹல்லாவில் பத்துப் பெண்கள், படித்த பெண் ஒருத்தி, ஒரு திண்ணை, பலகை, புத்தகம், ஒரு குவளைத் தேநீர்: இவை போதும். பாட நேரத்தை நாம் இங்கிருந்து குறிக்க வேண்டாம். அடுப்படி வேலை எப்போது முடியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வருடம் விடாமல் நடக்கட்டும்.

நம் பொருளும் மானமும் மக்களும் அவர்களிடம் அமானிதமாக இருக்கின்றன. அமானிதத்தைக் காக்கும் கைக்கு எழுத்தைக் கொடுக்காமலிருப்பது நம் குறையே. வல்ல நாயன் அந்தக் குறையைத் தீர்க்க நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.