'இல்லை' என்று சொன்னால் பாவமா?



சபையில் ஒரு சகோதரர் மாதாமாதம் என்னிடம் கைமாத்து கேட்பார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு மனைவி எடுத்து வைத்ததையும் கொடுத்துவிட்டேன். "ஏங்க, நம்ம பிள்ளை உங்களுக்குப் பிறத்தியாரா?" என்று அவள் அழுதாள். மறுமாதம், "இல்லைங்க பிரதர், இனி முடியாது" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி முழங்காலில் நின்றபோது மனசு குத்தியது. அன்பில்லாதவனாகிவிட்டேனோ?

வேதத்தைத் திறந்தேன். கலாத்தியர் 6:2-ல் பிறருடைய பாரத்தைத் தாங்கச் சொல்லுகிற பவுல், 6:5-ல் அவரவர் சுமை அவரவருக்கே என்கிறார். மூல கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். கப்பர்நகூமில் எல்லாரும் தேடியபோதும் இயேசு அங்கே தங்காமல் அடுத்த ஊர்களுக்குப் போனாரே (மாற்கு 1:35-38)! அவர் அன்பில்லாதவரா?

அப்போதுதான் ஆவியானவர் உணர்த்தினார். நான் கொடுத்தது அன்பினால் அல்ல, "கஞ்சன்னு நினைச்சிடுவாரோ" என்ற பயத்தினால். என்னைக் குத்தினதும் அந்த மனுஷ பயமே.

இதைச் சாக்காக வைத்துக் கையை மூடிக்கொள்ளக் கூடாது. அவர் வீட்டில் அரிசி இல்லையென்றால் இன்றும் கொடுக்கிறேன். அவருக்காக ஜெபிக்கிறேன். கடன் மட்டும் கொடுப்பதில்லை.

பிரியமானவர்களே, நீங்கள் கொடுப்பது அன்பினாலா, பயத்தினாலா? கர்த்தர்தாமே உணர்த்துவாராக. ஆமென்.