கையில் கம்பு, நெஞ்சில் பொறுமை

 

சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டுப் பகுதிகளில் வாழும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "அத்தா! நானும் சிலம்பம் கற்கட்டுமா?" என்று கேட்டால் நம் உள்ளத்தில் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. பிள்ளை முரடனாகிவிடுவானோ? ஆசானுக்கும் மண்ணுக்கும் செய்யும் வணக்கம் ஈமானுக்குப் பங்கமாகுமோ?

முதல் ஐயத்தைப் பார்ப்போம். பெருநாளன்று மதீனாப் பள்ளியில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அதைப் பார்த்தார்கள். எனவே வீர விளையாட்டு விலக்கப்பட்டதன்று. ஆனால், அம்புகளோடு கடைவீதியில் செல்பவர் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், சண்டையிலும் முகத்தைத் தாக்கலாகாது என்றும் அவர்கள் வரம்பிட்டார்கள். பிறரைக் கீழே தள்ளுபவனைவிட, சினம் பொங்கும்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்றும் போதித்தார்கள்.

சிலம்பமும் இதையே பழக்குகிறது. போட்டியில் கம்பின் நுனி எதிராளியைத் தொட்டாலே புள்ளி கிடைத்துவிடும். எலும்பை முறிக்க வேண்டியதில்லை. ஓங்கி வீசிய கம்பை நிறுத்தத் தெரிந்தவனே தேர்ந்தவன். இந்த அடக்கத்தைப் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் காட்டுகிறானா என்று பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஐயம் அற்பமானதன்று. ருகூவும் சுஜூதும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை. ஒருவரையொருவர் சந்திக்கும்போது குனிவதைக்கூட நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை, கைகொடுப்பதை அனுமதித்தார்கள். ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்போதே ஆசானிடம் இதைப் பணிவுடன் சொல்லிவிடுவோம். அவர் எம்மதத்தவராயினும் கற்றுத்தருபவருக்குரிய மரியாதையில் குறை வைக்கலாகாது. நிமிர்ந்து நின்றும் மரியாதை செலுத்தலாம். சிலம்பத்தின் தொடக்க வரிசை ஒன்றுக்குச் 'சலாம் வரிசை' என்றே பெயர் வழங்குகிறதல்லவா!

கலையையும் மார்க்கத்தையும் இணைத்துக் காத்த ஒரு சமூகத்தையும் எண்ணிப் பார்ப்போம். இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவில் வாழும் மினாங்கபாவ் முஸ்லிம்கள், 'சூராவ்' எனும் சிறு தொழுகைக் கூடங்களில் தம் ஆண் பிள்ளைகளைத் தங்கவைத்து வளர்த்தார்கள். அங்கே குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைகள் 'சீலேக்' என்னும் தற்காப்புக் கலையையும் கற்றார்கள். புறத்தில் அது நண்பரைத் தேடும், அகத்தில் இறைவனைத் தேடும் என்பது அவர்கள் கொள்கை. சீலேக்கை உள்ளடக்கிய பென்சாக் சிலாட் மரபுகளை 2019இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மஃரிபு தவறாமல், ஓதல் விடுபடாமல் நம் பிள்ளைகள் கம்பெடுக்கட்டும். வல்ல அல்லாஹ் அவர்களுக்கு உடலில் வலுவையும் உள்ளத்தில் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.